தொட்டியின் அடியில்: சாதா டீசலா, செம்பனை டீசலா?

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத் தோட்டங்களில் சாதா டீசலா, செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலா என்று பேச்சு வந்தால், அது பெரும்பாலும் லோரியின் இழுவையோடு முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. காற்றுப் போகாத தொட்டியின் அடியிலும் சதுப்பு மண்ணிலும் நுண்ணுயிர்கள் இவற்றை எப்படித் தின்கின்றன?

சாதா டீசல் அவற்றுக்குக் கடினமான தீனி. ஆக்சிஜன் இல்லாதபோது டீசலின் ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த) சங்கிலியில் கைவைக்க, பல பாக்டீரியாக்கள் முதலில் ஃபுமரேட் என்ற மூலக்கூறோடு அதை ஒட்டுகின்றன. அந்த வித்தை தெரிந்தவை கொஞ்சம்தான். அதனால் ஈர மண்ணில் கொட்டிய டீசல் வருடக்கணக்கில் கிடக்கும்.

பயோடீசல் கதையே வேறு. கொழுப்பு அமிலமும் மெத்தனாலும் எஸ்டர் பிணைப்பால் சேர்ந்தது அது. தண்ணீரும், கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதியும் இருந்தால் பிணைப்பு அறுந்துவிடும். அந்த நொதி ஏராளமான நுண்ணுயிர்களிடம் உண்டு. செம்பனையில் மிகுதியாக உள்ள பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன், ஒலீயிக் அமிலத்தில் 18. நுண்ணுயிர்கள் இந்தக் கார்பன்களை இரண்டிரண்டாக வெட்டி அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் ஆக்கிவிடுகின்றன. அப்புறம் சல்பேட் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு, இல்லாவிட்டால் மீத்தேன். செம்பனை ஆலைக் கழிவுக் குளத்தில் குமிழ்விடுவதும் அதே மீத்தேன்தான்.

மண்ணில் கொட்டினால் நான் பயோடீசல் பக்கம்தான். ஆனால் கலவை கொட்டும்போது நுண்ணுயிர்கள் எளிய எஸ்டரை முதலில் தின்று, ஆக்சிஜனுக்குப் பதிலாக அவை பயன்படுத்தும், மண்ணிலிருந்த நைட்ரேட்டையும் சல்பேட்டையும் தீர்த்துவிடுகின்றன. டீசலிலுள்ள பென்சீன் போன்ற நச்சுகள் சிதைவது தள்ளிப்போகிறது. கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

தொட்டிக்குள் தீர்ப்பு தலைகீழ். பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும். அடியில் தங்கும் தண்ணீரில்தான் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. வடிகுழாயைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புச் சளி வரும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் இரும்பு சல்பைடு, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு தொட்டியின் இரும்பை அரித்ததன் அடையாளம். வடிகட்டி அடைவது அடுத்த தொல்லை.

மலேசியாவில் 2011-இல் பி5, அதாவது 5 சதவீதம் பயோடீசல் கலந்த டீசல், வந்தது, 2019-இல் பி10 கட்டாயமானது, பி7-உம் விற்கிறார்கள். ஆக, நிலையத்தில் ஊற்றுவதே கலவைதான். தினமும் ஓடும் லோரிக்கு பி10 தாராளமாகப் போதும். தீனி தங்க நேரமில்லை. மின்சாரம் போனால் மட்டும் ஓடும் ஜெனரேட்டருக்கு நான் பி7-ஐத்தான் எடுப்பேன். எதுவானாலும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவுகோல் நுனியில் தடவி மாதம் ஒருமுறை அடிவரை இறக்கிப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் அன்றே வடித்துவிடுங்கள்.