வாசல் கதவுக்கு வார்னிஷ் அடிக்கக் கொடுக்கும் முன் படியுங்கள்: எனக்கு 18,000 பறிபோனது

கோபம் அடங்கவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். 18,000 கொடுத்து வார்னிஷ் அடித்த வாசல் கதவு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் உரிந்து தொங்குகிறது. பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் இன்று காலை என் புகாரை 'தீர்வு காணப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்வு?

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றின் வழியாக நடந்தது இது. தேக்குக் கதவு. வெயில் நேரடியாக விழும் கீழ்ப்பாதி வெளுத்துச் சாம்பல் நிறமாகி, பழைய வார்னிஷ் பொருக்குத் தட்டிப்போயிருந்தது. பார்வையிட வந்தவர் உள்ளங்கையால் மரத்தை மெல்லத் தடவினார். "மேலே இருப்பது செத்த மரம், அக்கா. இதை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் எதை அடித்தாலும் நிற்காது" என்றார். சொன்னது அத்தனையும் உண்மை. வெயிலின் புற ஊதாக் கதிர், மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைத்துவிடும். மேலே எஞ்சும் சாம்பல் நார் தானே பிடிப்பில்லாமல் கிடக்கும்போது அதன்மேல் அடித்த வார்னிஷ் எப்படி நிற்கும்? கதவைக் கீலிலிருந்து கழற்றிப் படுக்கவைத்து, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் நான்கு பூச்சு அடிப்பதாகச் சொன்னார். வெளிக்கதவுக்கென்றே வரும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் டின்னைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "என் சொந்த அக்கா வீட்டுக் கதவாக நினைத்துச் செய்கிறேன்" என்றார். தொழில் இவ்வளவு தெரிந்தவர் மோசம் செய்வார் என்று யாருக்குத் தோன்றும்? அங்கேயே 18,000 முழுவதையும் செலுத்தினேன். முழுத் தொகையும் கட்டினால்தான் செயலி தேதியே ஒதுக்கும்.

வேலைக்கு வந்தவர்கள் வேறு ஆட்கள். நான் மாலையில் வீடு திரும்பியபோது கதவு கண்ணாடியாக மின்னியது. நான்கு பூச்சும் முடிந்துவிட்டது என்றார்கள். எண்ணெய் வார்னிஷ் ஒரு பூச்சு காயவே ஓர் இரவு வேண்டும். காய்ந்தபின் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு. ஒரே பகலில் நான்கு என்பது பச்சைப் பொய்.

மழை தொடங்கியதும் கீழ்ப் பலகையில் கொப்புளம் எழுந்தது. நகத்தால் லேசாகத் தூக்கினேன், அகலச் சில்லாகக் கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அடிப்புறம் முழுக்கச் சாம்பல் நார் ஒட்டியிருந்தது! செத்த மரத்தைத் தேய்க்கவே இல்லை, அதன்மேலேயே பூசியிருக்கிறார்கள். கதவுக்கடியில் சிறிய கண்ணாடி ஒன்றை நுழைத்துப் பார்த்தேன். கீழ் விளிம்பில் ஒரு சொட்டு வார்னிஷ் இல்லை. சட்டங்களின் வெட்டு முனை இருக்கும் இடம் அது, தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதும் அந்த முனைதான். கதவைக் கழற்றவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே அவர்கள் போட்டுவிட்டுப் போன காலி டின்னில் 'உட்புறப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கிறது. எனக்குக் காட்டிய டின் வேறு, கதவில் பூசிய டின் வேறு.

புகார் செய்தேன். "மரம் இயற்கையான பொருள், மேடம். சுருங்கும், விரியும்" என்று ஒரு பதில். படம் கேட்டார்கள், அனுப்பினேன். தெளிவாக இல்லை, மறுபடி அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினேன். டின்னின் படத்தையும் அனுப்பினேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, மழைநீரால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாதாம். வெளிக்கதவில் மழை படாமல் வேறென்ன படும்? முதலில் பார்வையிட வந்த அந்தத் 'தம்பி'யை அழைத்தேன். "நான் பார்த்து விலை சொல்பவன் மட்டும்தான், அக்கா. அடித்தது வேறு குழு" என்றார். அதன்பிறகு என் அழைப்பை எடுப்பதே இல்லை.

போனது 18,000 மட்டுமா? உரியும் பூச்சின்மேல் புதிதாக அடிக்க முடியாது. ஒட்டியிருப்பதையெல்லாம் சுரண்டி வெறும் மரத்துக்குக் கொண்டுவந்து, நனைந்த கதவை நன்றாகக் காயவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் செலவும் என் தலையில்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தேய்த்து முடித்த வெறும் மரத்தைக் கண்ணால் பார்க்காமல் முதல் பூச்சுக்குச் சம்மதிக்காதீர்கள். டின்னை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவு கீலில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பிரஷ்ஷை எடுத்தால் வேலையை நிறுத்துங்கள். ஒரே நாளில் எல்லாப் பூச்சும் முடியும் என்பவரை உள்ளேயே விடாதீர்கள். கீழ் விளிம்பைத் தொட்டுப் பார்க்கும்வரை பாதித் தொகையாவது உங்கள் கையில் இருக்கட்டும். முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கும் செயலி என்றால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.