டொப்ளரா, எம்.ஆர்.ஐ.யா? குறைமாதக் குழந்தையின் மூளை இரத்த ஓட்டத்தைப் பார்க்க எது தோது

எங்கள் மகள் 30 வாரத்தில் பிறந்தாள். மூளையில் இரண்டாம் தரக் கசிவு என்றார்கள். இரத்தம் மூளையின் நடுவே நீர் இருக்கும் அறைக்குள் வந்திருக்கிறது, அறை வீங்கவில்லை. நான்கு தரங்களில் முதல் இரண்டும் லேசானவை.

கசிவைக் கண்டுபிடிக்க சாதாரண அல்ட்ராசவுண்ட் போதும், அதில் பேச்சே இல்லை. இரத்த ஓட்டத்தையும் பார்க்கலாம் என்றபோதுதான் வழி இரண்டானது: நுவரெலியாவில், பி.பி.யு. என்ற குறைமாதக் குழந்தைப் பிரிவிலேயே டொப்ளர் (இரத்தம் ஓடுவதைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்), இல்லாவிட்டால் கண்டிக்குக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. “செய்யிறதுன்னா பெரிய மெஷின்லயே செஞ்சிருங்க மாப்ள” என்றார் மாமனார். நாங்கள் டொப்ளர் போதும் என்றோம்.

எம்.ஆர்.ஐ.யின் பெருமையைக் குறைக்க முடியாது. ஏ.எஸ்.எல். என்ற முறையில் ஊசி மருந்து கிடையாது; மூளைக்கு ஏறும் இரத்தத்தின் நீரையே காந்தத்தால் அடையாளமிட்டு, எந்தப் பகுதிக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கிடுகிறார்கள். லேசான கசிவு கண்ட குழந்தைகளுக்கும் சில பகுதிகளில் ஓட்டம் குறைந்திருப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் இப்படித்தான் கண்டார்கள். டொப்ளரில் அது தெரியாது. ஆனால் பிள்ளை அசைந்தால் படம் கெட்டது. எல்லா எம்.ஆர்.ஐ. மெஷினிலும் இந்த வசதி இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் எடுக்காததால், இதையெல்லாம் டொக்டர்கள் சொல்லக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

டொப்ளரைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்குபேட்டரின் பக்கத் துவாரத்தில் கையை விட்டு, உச்சிக்குழியில் வெதுவெதுப்பான ஜெல் தடவி, சின்னக் கருவியை வைக்கிறார்கள். திரையில் தமனி நிறமாகத் துடிக்கிறது, கீழே அலை ஓடுகிறது. அலையின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை உச்சத்தால் வகுத்தால் வருவது ஆர்.ஐ. என்ற தடை எண். குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலும் 0.7, 0.8 என்று நிற்கும். அது ஓட்டத்தின் அளவல்ல, தமனியில் உள்ள தடையின் சாடை மட்டும்தான். கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலே எண் ஏறும். இதயத்துக்குப் பக்கத்தில் மூட வேண்டிய குழாய் மூடாமல் இருந்தாலும் ஏறும். கை மாறினால் அழுத்தமும் மாறும் என்பதால் முடிந்தவரை ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

சரி, இவ்வளவு குறை இருந்தும் ஏன் டொப்ளர்? பிள்ளையை அசைக்க வேண்டாம், அதுதான்.

நுவரெலியாவிலிருந்து கண்டி கிட்டத்தட்ட 77 கிலோமீட்டர், நடுவே றம்பொடை வளைவுகள். பெரியவர்களே பை கேட்கும் பாதை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நம் உடம்பில் பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் இரத்தத்தை மூளை ஓரளவு சமமாக வைத்துக்கொள்ளும். குறைமாதக் குழந்தைக்கு அந்தத் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. குளிர், குலுக்கல், அழுகை, டியூப் மாற்றுவது எல்லாம் பிரஷரை ஆட்டும், அந்த ஆட்டம் நேரே மூளைக்குப் போகும். எந்த ஓட்டத்தை அளக்கப் போகிறோமோ அதையே பயணம் கலைத்துவிடும். தவிர, ஓட்டம் நாளுக்கு நாள் மாறுவது. கண்டியில் எடுப்பது ஒரு நாளின் படம். டொப்ளரை இன்றைக்கும் பார்க்கலாம், நாலு நாள் கழித்தும் பார்க்கலாம். எண் எந்தப் பக்கம் நகர்கிறது, மூளையின் அறை வீங்குகிறதா என்பது ஒரே கட்டிலில் தெரிந்துவிடும்.

நெற்றியில் ஒட்டும் நிர்ஸ் கருவியைப் பற்றியும் கேட்பார்கள். அது காட்டுவது மூளைத் திசுவின் ஒக்சிஜன் அளவை. மிகக் குறைமாதக் குழந்தைகள் 1,601 பேரை வைத்து 2023இல் வெளிவந்த சேஃப்பூஸ்-சி ஆய்வில், அதைப் பார்த்துச் சிகிச்சை செய்ததால் மரணமோ கடும் மூளைப் பாதிப்போ குறையவில்லை.

டொப்ளர் பார்க்கப் பழகியவர் உங்கள் ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் கதை வேறு. மூளையின் அறை வீங்கத் தொடங்கினாலும் வேறு. அப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதில் தயங்கவே கூடாது. மற்றபடி, எம்.ஆர்.ஐ. வேண்டுமென்றால் கர்ப்ப வாரத்தையும் சேர்த்துப் பிள்ளைக்கு 40 வாரக் கணக்கு வரும்வரை பொறுக்க முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அந்த வயதில் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை மூடினால் மயக்க மருந்து இல்லாமலே பல பிள்ளைகள் தூங்கிவிடுமாம்.