எல்கார்ட் கான், ஹோல்ட்டன், அலெக்சாண்டர்: பழைய ஹார்ன் வாங்குகிறவர்களுக்கு ஒரு நான்காம் ஹார்ன்காரரின் கருத்து

கிளீவ்லண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர் ஆர்க்கெஸ்ட்ராவில் நான்காம் ஹார்ன் வாசிக்கிறேன். ஹார்ன் என்றால் இங்கே பிரெஞ்சு ஹார்ன், வட்டமாகச் சுருட்டிய நீளக் குழாயுள்ள ஊதுகருவி. நான்காம் ஹார்னுக்குக் கீழ் ஸ்வரங்கள்தான் பிழைப்பு, அதனால் என் தீர்ப்புகளும் அந்தப் பக்கமே சாயும். முதல் ஹார்ன் வாசிப்பவர் இதைக் கொஞ்சம் கழித்துப் படிக்கலாம்.

பெயர்களுக்கு முன்னால் குழாய் எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டபுள் ஹார்ன் என்பது இரண்டு நீளக் குழாய்கள் சேர்ந்த ஒரே ஹார்ன்: எஃப் சுருதிப் பக்கம் சுமார் 12 அடி, பி ஃப்ளாட் சுருதிப் பக்கம் சுமார் 9 அடி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காற்றின் வழியை மாற்றுவது கட்டைவிரலால் அழுத்தும் வால்வு. சிகாகோவில் கார்ல் கேயர் செய்த ஹார்ன்களில் அந்த வால்வு மற்ற விரல்களுக்கான மூன்று வால்வுகளோடு ஒரே வரிசையில், மூன்றாவதற்கு அப்பால் நிற்கும். ஜெர்மனியில் எர்ஃபுர்ட் நகரத்து குருஸ்பே பட்டறையின் பாணியில் அது வரிசையை விட்டுத் தள்ளி இருக்கும். கேயர் பாணியில் பொதுவாகப் பெல்லின், அதாவது ஒலி வெளியேறும் அகன்ற வாயின், தொண்டை குறுகியது, ஸ்வரம் சட்டென்று பிடிபடும். குருஸ்பே பாணியில் தொண்டை அகலம், ஒலி இருண்டு பரந்து வரும்.

அந்த அகலத் தொண்டை வம்சத்தில் பேர்போனது கான் நிறுவனத்தின் 8டி மாடல். ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவின் ஹார்ன்காரர் ஆண்டன் ஹார்னருக்காக குருஸ்பே செய்த மாடலை ஒட்டி, 1937இல் இந்தியானாவின் எல்கார்ட்டில் செய்ய ஆரம்பித்தார்கள். நிக்கல் சில்வர் உடம்பு, பெயரில் வெள்ளி இருந்தாலும் அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. ஜார்ஜ் ஸெல் கண்டக்டராக இருந்த காலத்தில் இங்கே கிளீவ்லண்ட் ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் ஹார்ன் மைரன் ப்ளூம் வாசித்தது இதைத்தான். அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டு வளர்ந்த ஊர் இது, அதனால் என் பக்கச்சாய்வு எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

நல்ல எல்கார்ட் 8டியில் கீழே இறங்கி நீளமாக ஒரு ஸ்வரம் பிடித்தால் நாற்காலியே அதிர்வதுபோல இருக்கும். சத்தமாக ஊதினாலும் அவ்வளவு சீக்கிரம் கரகரப்பு ஏறாது. ஆனால் மூச்சை நிறைய கேட்கும். உச்சத்தில் ஸ்வரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் குறி தப்பினால் பக்கத்து ஸ்வரத்தில் போய் விழ வேண்டியதுதான். மெல்லிய தொடக்கங்களிலும் கொஞ்சம் மங்கல். எனக்கு அது சம்மதம்.

1970 வாக்கில் தயாரிப்பு டெக்சாஸின் அபிலீனுக்குப் போனது, 1980களின் பின்பாதியில் ஒஹையோவின் ஈஸ்ட்லேக்குக்கு வந்தது. டெக்சாஸ் ஹார்ன்கள் கனத்து இறுகியிருக்கும், ஒன்றுபோல ஒன்று இருக்காது என்று ஹார்ன்காரர்கள் பரவலாகப் பேசுவார்கள். அதற்காக ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். வால்வுகள் தளர்ந்துபோன எல்கார்ட்டைவிட, வால்வு இறுக்கமான டெக்சாஸ் ஹார்னைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

பணம் குறைவாக இருந்தால் ஹோல்ட்டன் நிறுவனத்தின் ஃபர்காஸ் வரிசையைப் பாருங்கள். சிகாகோ சிம்பொனியின் முதல் ஹார்னாக இருந்த ஃபிலிப் ஃபர்காஸோடு சேர்ந்து 1950களில் வடிவமைத்தது. செய்யப்பட்ட இடம் விஸ்கான்சினின் எல்க்ஹார்ன். எல்கார்ட் வேறு, எல்க்ஹார்ன் வேறு. விளம்பரங்களில் இரண்டையும் குழப்பி எழுதுவதைப் பார்க்கிறேன், விசாரித்துக்கொள்ளுங்கள். நிக்கல் சில்வரில் வரும் ஹெச்179 என்ற மாடல் பள்ளி, கல்லூரிகளிலிருந்து ஏராளமாக வெளியே வருகிறது. ஸ்வரங்கள் நம்பகமாக உட்காரும். 8டியின் ஆழம் இதில் கிடைக்காது, விலையும் அந்த அளவுக்கு இல்லை.

அலெக்சாண்டர் 103 வேறு உலகம். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் 1909இலிருந்து வருகிறது. ஒலியில் பிரகாசமும் கூர்மையும் உண்டு, ஆர்க்கெஸ்ட்ரா முழுக்க முழங்கும்போதும் மேலே தெரியும். பழையதற்கும் விலை அதிகம். சுருதியில் அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது, அதோடு பழகிக்கொள்ளப் பொறுமை வேண்டும். சுற்றிலும் 8டி வாசிக்கும் வரிசையில் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும்.

சரி, எதுவானாலும் கையில் வாங்கியதும் இதைச் செய்யுங்கள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அதாவது வெளியே இழுக்கக்கூடிய குழாய்த் துண்டை, பாதி வெளியே இழுத்து, சில நொடிகள் பொறுத்து, அப்புறம் வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று தெளிவாக வெடித்தால் காற்று கசியவில்லை. சத்தமே வரவில்லை என்றால் வால்வோ ஸ்லைடோ தேய்ந்திருக்கிறது. எஃப், பி ஃப்ளாட் இரண்டு பக்க ஸ்லைடுகளிலும் பாருங்கள், ஒன்றையும் விடாதீர்கள். வால்வுக்கு முலாம் பூசி மறுபடி பொருத்தும் வேலைக்கு ஆகும் செலவில் ஒரு சாதாரண ஹார்னே வாங்கிவிடலாம். அடுத்து, உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸ் நுழையும் குழாய். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் துத்தநாகம் அரித்துப் போகிறது என்று அர்த்தம். அந்தக் குழாயை மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு அது வேறு ஹார்ன் மாதிரி ஊதும். பெல்லில் லேசான நசுங்கல்களைப் பற்றிக் கவலை வேண்டாம், பட்டறையில் எடுத்துவிடுவார்கள். பளபளப்புக்கு ஒரு காசுகூட அதிகம் கொடுக்காதீர்கள்.

ஒரு வாரமாவது வீட்டில் வைத்து வாசிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். சின்ன அறையில் எல்லா ஹார்னும் நன்றாகத்தான் கேட்கும். ஒத்திகைக்குக் கொண்டுபோய், உங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து ஊதுங்கள். இரண்டாம் ஹார்ன்காரரைக் கண்டக்டர் நிற்கும் இடத்துக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.