கொடைக்கானல் மேல்மலையில் தாலி கட்ட எந்த இடம்? பூம்பாறை, மன்னவனூர், குறிஞ்சி ஆண்டவர் கோயில்: ஒரு மதிப்பீடு

சங்கப் பாட்டில் உடன்போக்குக்குப் பாலைதான் திணை. வீட்டைவிட்டுக் கிளம்பும் காதலர் வெயில் கொளுத்தும் சுரத்தைக் கடந்துதான் போவார்கள். இன்றைக்கும் நாலைந்து பேரோடு கல்யாணத்தை முடித்துக்கொள்ள நினைக்கிறவர்கள் பலர் முதலில் தேடுவது ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கத்து சாம் மணல்மேடுகளைத்தான். ஆளில்லாத வெளி, மறைப்பில்லாத வானம், அதற்காக. ஆனால் அங்கே பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை. மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போவதும் சிரமம். அதே திறந்த வெளி பச்சைப் புல்லாகக் கொடைக்கானல் மேல்மலையில் கிடக்கிறது.

தாலி கட்டுவதற்கு முதல் இடம் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கி.மீ. குழந்தை வேலப்பர் கோயிலின் மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஊர் நம்பிக்கை. கோயிலைச் சுற்றி ஓட்டு வீடுகள், கீழே படிப்படியாகப் பூண்டு வயல். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற மண் இது. ஊருக்கு முன்னால் சாலை வளைவிலிருந்து பார்த்தால் மொத்தக் கிராமமும் ஒரு தட்டில் வைத்தது போலத் தெரியும். படம் எடுக்க அந்த வளைவே போதும், வயலுக்குள் இறங்கிப் பயிரை மிதிக்கக் கூடாது. தேர்த் திருவிழா நாட்களில் மட்டும் இங்கே வராதீர்கள், நிற்க இடமிருக்காது.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-ல் கட்டியது. கொடைக்கானல் ஊருக்குள்ளேயே இருப்பதால் முட்டிவலிக்காரர்களுக்கு இதுதான் வசதி. வானம் தெளிவாக இருந்தால் இங்கிருந்தே பழனி மலை தெரியும். குறை, கூட்டம். சனி ஞாயிறில் சுற்றுலாப் பயணிகளுக்கு நடுவில்தான் மாலை மாற்ற வேண்டியிருக்கும். செவ்வாய், புதன் பாருங்கள்.

இரண்டு கோயிலும் பழனி தேவஸ்தான நிர்வாகத்தில் இருப்பவை. கல்யாணத்துக்கு முன்னதாகவே அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்து ரசீது வாங்க வேண்டும். ஆதார், வயதுச் சான்று, போட்டோ, முதல் திருமணம்தான் என்பதற்கான சான்று ஆகியவற்றை அசலும் நகலுமாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 முடிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தடங்கல் வருவது முதல் திருமணச் சான்றில்தான். கடைசி வாரத்தில் அலைந்தால் கிடைக்காது.

மன்னவனூர்தான் பாலைவன ஆசைக்குச் சரியான மாற்று. கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கி.மீ., மலைச் சாலையில் ஒன்றரை மணி நேரம். செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை, ஏரி, அலை அலையாகப் புல்மேடு. காற்று மட்டும்தான் பேசும். கோயில் இல்லாமல், ஐயர் இல்லாமல் இங்கே மாலை மாற்றிக்கொண்டாலும் இந்துக்கள் இருவருக்கு அது சட்டப்படி கல்யாணம்தான். 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி உற்றார், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். ஊரறிய நடத்தியாக வேண்டும் என்பதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மதம் வேறு வேறானால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்: 30 நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள். முன்னறிவிப்பு கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஆகவே அதைச் சொந்த ஊரில் முடித்துவிட்டு இங்கே மாலை மாற்ற மட்டும் வருவதே நடைமுறை.

புல்மேட்டில் ஹோமம் வேண்டாம். காற்றில் கற்பூரம்கூட நிற்காது. பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே எரியும். வனத்துறை இடங்களில் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடவும் கூடாது.

பேரிஜம் ஏரி அழகுதான். ஆனால் வனத்துறை அனுமதி வேண்டும், யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கே மூடிவிடுவார்கள். தேதி குறித்த காரியத்துக்கு அது சரிப்படாது. சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் கோக்கர்ஸ் வாக், தூண் பாறை பக்கம் தலைகாட்டவே வேண்டாம்.

இடத்தைவிட நேரம்தான் முக்கியம். வெயில் ஏற ஏறக் கீழே சமவெளியின் ஈரக் காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. அதனால் மதியத்துக்கு மேல் எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாத நாட்கள் உண்டு. காலை 7 முதல் 9 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி சிறந்தவை, விடியலில் மட்டும் குளிர் நடுக்கும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அக்டோபர், நவம்பரைத் தவிருங்கள். நீலகிரியில் ஊட்டியின் மேற்குப் பக்கப் புல்வெளிகளை நினைப்பவர்கள் ஜூன் முதல் ஆகஸ்டு வரை போகக் கூடாது, அங்கே அது தென்மேற்குப் பருவமழைக் காலம்.

பட்டுப்புடவையின் கரை பனிப்புல்லில் முழங்கால்வரை நனையும். சின்னாளப்பட்டுச் சேலையோ கைத்தறிப் பருத்தியோ கட்டுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு நடந்துவிட்டு நிற்கும் இடத்தில் கழற்றுங்கள். மாலையை முந்தின நாள் சாயங்காலம் நிலக்கோட்டையில் வாங்கி, வாழை இலையில் சுற்றி அட்டைப்பெட்டியில் கொண்டுவாருங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் வேர்த்து அழுகும், மலையில் அந்தப் பைக்குத் தடையும் உண்டு. குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் இறங்கும், உதிரி பேட்டரியைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள்.

2024 மே 7 முதல் வெளியூர் வண்டி ஒவ்வொன்றுக்கும் இ-பாஸ் தேவை. கோடை விடுமுறையில் எண்ணிக்கை வரம்பு உண்டு, தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். பெட்ரோலும் பணமும் கொடைக்கானலிலேயே. மேல்மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஐயருக்கும் டிரைவருக்கும் இடத்தையும் மணியையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

கல்யாணம் முடிந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை. கோயில் ரசீது, மாலை மாற்றும்போது எடுத்த போட்டோ, அழைப்பிதழ் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, இறங்கும்போது மறக்காமல் கையோடு எடுத்துவாருங்கள்.