கனெக்டிகட் அரசுக் காடுகளின் லெட்டர்பாக்ஸ் திட்டம்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் எரிசக்தி, சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த வனப்பிரிவு, தன் பொறுப்பிலுள்ள அரசுக் காடுகளில் 'லெட்டர்பாக்ஸ்' எனப்படும் சிறு பெட்டிகளை ஒளித்துவைத்து, அவற்றைத் தேடிச் செல்வதற்கான வழிக்குறிப்புகளைத் துறையின் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டுள்ளது. பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு பதிவேடும் இருக்கும். அந்த முத்திரையை நம் நோட்டிலும், நாம் கொண்டுபோன முத்திரையை அந்தப் பதிவேட்டிலும் பதித்தபின், பெட்டியை எடுத்த இடத்திலேயே முன்போல மறைத்துவிட்டு வர வேண்டும். ஐந்து பெட்டிகளைக் கண்டவர்கள் துறைக்கு எழுதி, சட்டையிலோ பையிலோ தைத்துக்கொள்ளும் துணிச் சின்னம் ஒன்றைப் பெறலாம்.

இந்தப் பொழுதுபோக்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் பிறந்தது. சாக்ஃபர்டு ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட் 1854-இல் கிரான்மியர் பூல் என்னும் ஒதுக்குப்புறமான இடத்தில், அங்குவரை நடந்து வருவோர் தம் பெயர் அட்டையைப் போட்டுவிட்டுப் போகும்படி ஒரு பாட்டிலை வைத்தார். அமெரிக்காவில் இது பரவியதோ 1998-இல் ஸ்மித்சோனியன் இதழ் வெளியிட்ட ஒரு கட்டுரைக்குப் பிறகுதான். 2000-இல் தொடங்கிய ஜியோகேச்சிங் என்னும் பெட்டி தேடும் விளையாட்டைப் போல ஜிபிஎஸ் எண்களைக் கொடுத்து நம்மை நேரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கம் இதில் இல்லை. திசைகாட்டியும் கண்ணும் பொறுமையும் இருந்தால்தான் பெட்டி கிடைக்கும்.

இத்திட்டத்தின் உண்மையான சிறப்பு பெட்டியில் இல்லை, குறிப்பில் இருக்கிறது என்பது என் கணிப்பு. காட்டைப் பராமரிப்பவர்கள் தரும் குறிப்பு என்பதால், அது வழியைச் சொல்லும்போதே காட்டின் கதையையும் சொல்லிவிடுகிறது. அடர்ந்த மரங்களுக்கு நடுவே காரணமே இல்லாததுபோல ஓடும் கற்சுவரைக் காணும் புதியவர் வியந்து நிற்பார். அந்த இடம் ஒரு காலத்தில் உழவு நிலமாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தது என்பதும், வேளாண் குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டில் மேற்கு நோக்கியும் ஆலை நகரங்களை நோக்கியும் பெயர்ந்தபின் மரங்கள் மீண்டும் எழுந்தன என்பதும் தெரிந்துவிட்டால், அதே சுவர் ஒரு நிலத்தின் எல்லையாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பெட்டியைக் கண்டுபிடிக்காமல் திரும்பினாலும் நடை வீணாவதில்லை.

ஆனால் இது எல்லோருக்கும் எளிதான விளையாட்டு அன்று. இத்தகைய குறிப்புகளைப் பின்பற்ற ஓரளவு மர அறிவு வேண்டும். ஹெம்லாக் மரத்தையும் வெள்ளை பைனையும் பிரித்தறியத் தெரியாதவர் முதல் திருப்பத்திலேயே தடுமாறுவார். பைனின் நீண்ட ஊசியிலைகள் ஐந்தைந்தாகச் சேர்ந்திருக்கும். ஹெம்லாக்கின் இலைகள் குட்டையாகவும் தட்டையாகவும், அடிப்புறத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளோடும் இருக்கும். இவ்வளவு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். அடி எண்ணிக்கையிலும் எச்சரிக்கை தேவை, ஏனெனில் லெட்டர்பாக்ஸ் குறிப்பு எழுதுவோரில் சிலர் ஒரு காலடியையும் சிலர் இரண்டு காலடிகளையும் ஒரு எட்டாகக் கொள்கிறார்கள். திசைகாட்டியின் முள்ளோ இந்த மாநிலத்தில் மெய்வடக்கிலிருந்து ஏறத்தாழ 13 பாகை மேற்கே சாய்ந்து நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் வரைபடத்தில் கோடு போட்டு நடந்தால், நூறு அடிக்குள் இருபது அடிக்கு மேல் விலகிப் போய்விடுவோம். மரங்களை அடையாளமாகக் கொண்ட எந்தக் குறிப்பும் காலத்தால் பழசாகும் என்பதையும் மறக்கக் கூடாது. 2012-இல் இம்மாநிலத்தில் கண்டறியப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்னும் வண்டு ஆஷ் மரங்களைப் பெருமளவில் கொன்றுவருகிறது. நிற்கும் ஆஷ் மரத்தைத் தேடுகிறவர் கீழே கிடக்கும் அடிமரத்தையும் பார்ப்பது நல்லது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய்க்குப் பெயர் தந்த லைம் என்ற ஊர் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும். வெளிர்நிற முழுக்கால் சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போவதும், வீடு திரும்பியதும் குழந்தைகளின் தலை முதல் கால் வரை உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். மெஷோமாசிக் போன்ற காடுகளில் விரியன் இனத்தைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்புகளும் வாழ்வதால், பொந்துக்குள் கையை விடுமுன் ஒரு குச்சியால் துழாவிவிட வேண்டும். இலையுதிர் காலம் வேட்டைப் பருவமும் ஆதலால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை தேவை.

ஹார்ட்ஃபர்டு, நியூ ஹேவன் பக்கம் வசிக்கும் நம் குடும்பங்களுக்கு, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால், தயங்காமல் இதைப் பரிந்துரைப்பேன். தள்ளுவண்டிக் குழந்தையோடு செல்ல இது ஏற்றதன்று. மரங்கள் துளிர்ப்பதற்கு முன்பான ஏப்ரல் மாதத்தில் கற்சுவர்களும் மேடுகளும் தெளிவாகத் தெரியும், பனிக்காலத்தில் பாதி அடையாளங்கள் மூடிப்போகும். காட்டுக்குள் கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது என்பதால், குறிப்பை முன்கூட்டியே காகிதத்தில் அச்சிட்டு, ஸ்டாம்ப் பேடோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.