பெரேயாவும் ஹார்வர்டும்: மூடப்பட்ட இரண்டு கதவுகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் பெரேயா கல்லூரியில் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒரே வகுப்பில் படித்தார்கள். பொறுக்காத மாநில அரசு 1904இல் டே சட்டம் கொண்டுவந்து, சேர்ந்து படிப்பதையே குற்றமாக்கியது. கல்லூரிக்கு 1,000 டாலர் அபராதம். உச்ச நீதிமன்றம் வரை போய் 1908இல் தோற்றார்கள். அப்புறம் கல்லூரியே நிதி திரட்டி, கறுப்பின மாணவர்களுக்காக லிங்கன் இன்ஸ்டிடியூட் என்ற தனிப் பள்ளியைத் தொடங்க உதவியது.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களை விடுதியில் சேர்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. என்னைக் கேட்டால் அதனால்தான் அங்கே நடந்தது கூடுதலாக வலிக்கிறது. முதலாண்டு மாணவர்கள் விடுதியில் தங்கியே ஆக வேண்டும் என்று விதித்த ஹார்வர்டின் தலைவர் லோவெல், கறுப்பின மாணவர்களை மட்டும் அங்கே சேர்க்கவில்லை. அதே ஹார்வர்டில் பட்டம் பெற்ற கறுப்பினத்தவரான ராஸ்கோ காங்க்ளிங் புரூஸ் தன் மகனுக்கு இடம் கேட்டபோதும் கைவிரித்துவிட்டார். எதிர்ப்பு வலுத்து 1923இல் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழு தடையை நீக்கியது. சரி, நீக்கியதே என்று நிம்மதி அடைய முடியவில்லை: இரு இனத்தவரையும் சேர்ந்து தங்கவோ உண்ணவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் கூடவே சொன்னது.

பெரேயாவோ, 1950இல் சட்டம் திருத்தப்பட்டதுமே கறுப்பின மாணவர்களை மீண்டும் சேர்த்துக்கொண்டது.