பழைய வயரிங்கை அகற்ற ஆப்பில் ஆள் கூப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

18,500 ரூபாய். பழைய வயரை எல்லாம் கழற்றியாச்சு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனவன், பாதியைச் சுவருக்குள்ளேயே விட்டு மேலே பட்டி பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். நேற்று பெயிண்டர் அண்ணன் அந்த இடத்தைத் தகட்டால் சுரண்ட, ஷாக் அடித்து ஸ்டூலில் இருந்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போனது.

வீடு மதுரையில் சிம்மக்கல் பக்கம், மாமனார் காலத்தது, ரெண்டு போர்ஷன். பெயிண்ட் அடிக்கிறதுக்காக ஹாலில் இருந்த மர அலமாரியைப் பெயர்த்தால், பின்னால் தேக்குக் கட்டை மேல் கிளிப் அடித்த அந்தக் காலத்து வயரிங், பீங்கான் ஃபியூஸ், கறுப்பு உருண்டை ஸ்விட்ச். தொட்டால் உறை பொடிப்பொடியாக உதிர்கிறது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் புக் பண்ணினேன்.

வந்தவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான், யக்கா யக்கா என்றுதான் பேச்சு. ஒவ்வொரு முனையிலும் டெஸ்டரை வைத்துக் காட்டி, "பாருங்கக்கா, லைட்டே எரியல, இது செத்த லைன். இனி நீங்க கண்ண மூடிட்டு ஆணி அடிக்கலாம்" என்றான். சாயங்காலம் சுவர் வழவழவென்று இருந்தது. "ஓடிபி சொல்லுங்கக்கா, வேலைய முடிச்சதா போட்டுர்றேன்" என்றான், சொன்னேன். 18,500 போய்விட்டது.

விஷயம் என்னவென்றால், அந்த லைன் எங்கள் மீட்டரில் இருந்தே வரவில்லை. பக்கத்துப் போர்ஷன் மீட்டரில் இருந்து வருகிறது. அன்றைக்கு அது ஆள் இல்லாமல் பூட்டி, மெயின் ஆஃபில் கிடந்தது. அப்புறம் டெஸ்டர் எப்படி எரியும்? புதுசாகக் குடிவந்தவர்கள் மெயினைப் போட்டதும் எங்கள் சுவருக்குள் 230 வோல்ட். வயர் எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிப் போய் அங்கேயே கழற்றியிருக்க வேண்டும், அவன் சுவரோரமாக வெட்டி டேப் சுற்றி உள்ளே தள்ளியிருக்கிறான். எங்கள் பக்கம் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகிற ஸ்விட்ச்) இருக்கிறது, ஆனால் அடுத்த மீட்டர் கரண்டுக்கு அது எங்கே ட்ரிப் ஆகும்?

ஆப்பில் சாட் பண்ணினால் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். ஒருத்தி போனில், வாடிக்கையாளரே ஓடிபி கொடுத்து முடித்த வேலை, வாரண்டி புது ஃபிட்டிங்குக்கு மட்டும்தான் மேடம் என்கிறாள். உயிர் போயிருந்தால்? "புகாரைப் பதிவு செய்துகொள்கிறேன் மேடம்." அவனைக் கூப்பிட்டால் யக்காவும் இல்லை, ஒன்றும் இல்லை, கட் பண்ணுகிறான். 18,500 ரூபாய்க்கு டேப் சுற்றிய கம்பிதான் மிச்சம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. கம்பியாள் (வயர்மேன்) சான்றிதழ் இருக்கிறவரைக் கூப்பிடுங்கள். டெஸ்டரை நம்பி விடாதீர்கள், வயரின் ரெண்டு முனையையும் கண்ணால் பார்க்காமல் பட்டி பார்க்க விடாதீர்கள். பழைய வீடு, ரெண்டு மீட்டர் என்றால் ரெண்டு மெயினையும் ஆஃப் பண்ணிவிட்டுக் கை வையுங்கள். ஓடிபியைக் கடைசியில் கொடுங்கள். கழற்றிய கம்பியை நீங்களே எடுத்து வையுங்கள், செம்புக்குக் காயலான் கடையில் நல்ல விலை. என்னுடையதைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போனவன் அதற்கு ஒரு பைசா கழிக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.